மாடியில் பிள்ளைகள், தையல்கடையில் அம்மாக்கள்

டெய்லர் கடை வைத்திருப்பவர்கள் சொல்லும் பொய்களில் தலையானது, "கொக்கி மட்டும்தாங்க பாக்கி" என்பது. கொக்கி மட்டும் பாக்கி என்றால் துணியை இன்னும் வெட்டவே இல்லை என்று அர்த்தம். இதைப் படிக்கிற பெண்களில் பாதிப் பேர் அந்த வார்த்தையைக் கேட்டு வெறுங்கையோடு வீடு திரும்பி, பழைய ஜாக்கெட்டோடு விசேஷத்துக்குப் போனவர்களாக இருப்பீர்கள். மீதிப் பேர் என்னைப் போல அதைச் சொன்னவர்கள். ஆக, நாமெல்லாம் ஒரே அவஸ்தையின் இரண்டு பக்கமும் நிற்கிற சொந்தக்காரர்கள்.

என் கடை செங்கல்பட்டில், ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஜாக்கெட், சுடிதார், பிள்ளைகளுக்குச் சட்டை, எல்லாம் தைப்பேன். கடையின் ஒரு மூலையில் எஸ்தர் அக்கா பிகோ மிஷின் போட்டிருக்கிறார். புடவைக்கு ஓரம் அடிப்பதும் ஃபால்ஸ் வைப்பதும் அவர் தொழில். ஊர் விவகாரங்களுக்குத் தீர்ப்புச் சொல்வது உபதொழில். சில வருஷத்துக்கு முன்னால் மாடிக்கு ஒரு தெரபி சென்டர் குடிவந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அங்கே பேச்சுப் பயிற்சியும் மற்ற பயிற்சிகளும் கொடுக்கிறார்கள். அவர்கள் மேலே என்ன சொல்லித்தருகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கீழே வந்து காத்திருக்கும் அம்மாக்களைத்தான் தெரியும்.

மிஷின் சத்தம்

அம்மா உள்ளே இருந்தால் பிள்ளை அம்மாவிடமே ஓடுகிறது என்று சென்டரில் எல்லோரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். வெளியே என்றால் மாடிப்படிதான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படிக்கு ஒருவராக உட்கார்ந்திருப்பார்கள். என் கஸ்டமர் யாராவது கடைக்கு வந்தால் எழுந்து வழி விடுவார்கள், பிறகு உட்காருவார்கள். எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. வீட்டில் சும்மா கிடந்த நாலு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து கடைக்குள் போட்டேன்.

போட்ட அன்றைக்கே ஒரு பெண் சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். ஊரப்பாக்கத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு மின்சார ரயிலில் வரும் வித்யா. கம்பெனி ஒன்றில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தவர், மகளுக்காக வேலையை அரை நாளாக்கிக்கொண்டவர். என் மிஷினும் எஸ்தர் அக்காவின் மிஷினும் சேர்ந்து போடும் சத்தத்தில் ரோட்டில் போகிற பஸ் ஹாரன்கூட எங்களுக்குக் கேட்காது. அதில் ஒரு மனுஷி வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். நான் மிஷினை நிறுத்தினேன். உடனே திடுக்கிட்டு எழுந்து மாடிப்படியைப் பார்த்தார். "ஐயோ, தூங்குங்க, நான் நிறுத்திடறேன்" என்றேன்.

"நிறுத்தாதீங்க அக்கா. சத்தம் இருந்தா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம். எங்க வீட்ல சத்தம் நின்னாத்தான் எனக்கு பகீர்னு இருக்கும், எதைத் திறந்துக்கிட்டு எங்க போயிட்டாளோன்னு."

நல்ல பக்கம்

செல்வியைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனை பீடிகை. செய்யூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் மாறி வருவாள். மகன் கவினுக்கு ஒன்பது வயது. நாலைந்து வார்த்தைதான் பேசுவான். சந்தோஷம் வந்தால் வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று நீளமாக ஒரு ராகம் இழுப்பான், கை இரண்டும் சேர்ந்து ஆடும். எந்தச் சட்டை போட்டாலும் கழற்றி எறிந்துவிடுகிறான் என்று செல்வி ஒருநாள் மெல்லிசாக ஒரு காட்டன் துணி கொண்டுவந்தாள்.

எனக்கோ என் ஃபினிஷிங்கில் ஒரு கர்வம் உண்டு. குழந்தைக்கு உறுத்தக் கூடாது என்று, உள்ளே ஒரு பிசிறுகூடத் தெரியாமல் தையலை மடித்து, மடித்த இடத்தில் இன்னொரு தையல் போட்டு, எஸ்தர் அக்காவிடம் காட்டிப் பாராட்டும் வாங்கிக்கொண்டேன். போட்ட நிமிஷமே கவின் அலறிவிட்டான். பிசிறு இல்லைதான், ஆனால் மடிப்பு மேல் மடிப்பாகி, விலாவில் கயிறு மாதிரி ஒரு தடிப்பு. எந்த வேலைக்காரி வேண்டுமானாலும் தப்பு செய்வாள். வேலையை அதிகமாகச் செய்து கெடுப்பது டெய்லருக்கு மட்டும்தான் வரும். செல்வி அந்தச் சட்டையை வாங்கி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, அவனுக்குப் போட்டுவிட்டாள். அவன் அடங்கிவிட்டான். அதற்குப் பிறகு கவினுக்கு எல்லாச் சட்டையும் தையல் வெளியே தெரியும்படிதான் தைக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு மட்டும் பொறுக்காது. பஸ்ஸில் யாராவது ஒருத்தர் தினமும், புள்ளைக்குச் சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கே என்று சொல்லிவிடுகிறார்கள். கண்டக்டரும் சொன்னபோது செல்வி சொன்ன பதிலை அவளே எங்களிடம் நடித்துக் காட்டினாள்.

"துணிக்கு எது நல்ல பக்கம்னு உனுக்கு இன்னாண்ணா தெரியும்? போட்டுகினு கீறவன் அவன்."

அவர் கேட்ட கேள்வி

அப்படி நடித்துக் காட்டிய செல்வி கொஞ்ச நாளில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வருவாள், உட்காருவாள், கவினைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். எஸ்தர் அக்கா வம்புக்கு இழுத்தால்கூட ஒரு சிரிப்போடு சரி. நானும் வெயில், பஸ் அலைச்சல் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் அவள் வீட்டுக்காரர் முருகன் தனியாக வந்தார். மறைமலைநகர் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. கவினின் சட்டையை வாங்கிக்கொண்டார். ஆனால் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். ஆம்பளைங்க லேடீஸ் டெய்லர் கடையில் இவ்வளவு நேரம் உட்கார மாட்டார்களே என்று எஸ்தர் அக்கா கண்ணாலேயே கேட்டார். கடைசியில், "அவ இங்க பேசறாளாக்கா?" என்றார். முன்பு பேசுவாள், இப்போது குறைந்துவிட்டது என்றேன். வீட்டில் சுத்தமாக இல்லை என்றார். சோறு போடுகிறாள், பையனைக் குளிப்பாட்டுகிறாள், அவன் தூங்கினால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் வேலை இருப்பது போல நூலை மாற்றினேன், ஏனென்றால் எனக்கும் கலங்கியிருந்தது.

"இங்க பேசுனா வுட்டுடுங்கக்கா, தடுக்காதீங்க. என்னைத் திட்டினாலும் பரவால்ல, எதுனா ஒண்ணு பேசட்டும்."

முழங்கை வரைக்கும்

செல்வியின் தம்பி தினேஷுக்குக் கல்யாணம் முடிவானது. பெண் வீடு மாமல்லபுரம், மண்டபமும் அங்கேதான். மாப்பிள்ளைக்கு ஒரே அக்கா செல்வி. நம் பக்கத்தில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டால் மற்ற இரண்டு முடிச்சையும் நாத்தனார்தான் போட வேண்டும். அவளுக்குப் பட்டுப்புடவை எடுத்திருந்தார்கள். ஜாக்கெட் துணியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அளவு ஜாக்கெட் எங்கே என்றேன். "எதுவும் சேரலக்கா, நீங்களே எடுத்துக்கோங்க" என்றாள்.

திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் டேப்பை வைத்தேன். முன்பு பார்த்ததற்கு ரொம்பவும் இளைத்திருந்தாள். கையைத் தூக்கச் சொன்னபோது முன்கை முழுக்கப் பல் தடம். சில தடம் பழசு, சில புதுசு. கை முழங்கை தாண்டி இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் இறக்கி வையுங்கள் என்றாள். தோளை அளக்க டேப்பை வைத்து, அது நகராமல் இருக்க உள்ளங்கையால் அழுத்தினேன். அவ்வளவுதான். அவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. நான் கையை எடுக்காமல் நின்றேன். வெளியே ஒரு கஸ்டமர் "அக்கா, என் சுடிதார்" என்று கூப்பிட, எஸ்தர் அக்கா "கொக்கி மட்டும் பாக்கியாம், அப்புறம் வா" என்று அனுப்பிவிட்டார். சுடிதாருக்கு ஏது கொக்கி என்று அந்தப் பெண்ணுக்கும் கேட்கத் தோன்றவில்லை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் செல்வி வாயைத் திறந்தாள்.

"அவனுக்குத் தாங்க முடியாம போனா அவன் கையையே கடிச்சுக்குவான்க்கா. நடுவுல என் கைய குடுத்துடுவேன். அத்தப் போயி கல்யாணத்துல எத்தினி பேருக்கு சொல்லிகினு இருக்கறது?"

ஃபோனில்

ஜாக்கெட்டைத் தைத்து முடித்து மாட்டி வைத்தேன். செல்வி வரவில்லை. ஜாக்கெட்டை வாங்காமல் போவது எங்கள் தொழிலில் சகஜம். ஆனால் கவினும் மாடிக்கு வரவில்லை. ஒரு மத்தியானம் ஃபோன் போட்டேன். அன்று வித்யாவும் கடையில் இருந்தார்.

கல்யாணத்துக்குப் போகப்போவதில்லை என்றாள் செல்வி. கெட்டிமேளம் கேட்டால் கவினுக்குத் தாங்காது, கத்துவான், வீடியோவில் விழும், முகூர்த்தத்தில் அபசகுனம், பையனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வா, இல்லையென்றால் முடிச்சைச் சித்தப்பா மகள் போடட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். "அவனை ஒளிச்சு வெச்சுட்டு நான் போயி மேடையில நிக்கணுமாக்கா?" என்றாள். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. தட்டையாக, வேறு யாரைப் பற்றியோ சொல்வது போலச் சொன்னாள். அதே குரலில், காலையில் கண்ணைத் திறக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று தினமும் தோன்றுகிறது என்றாள். அப்படியெல்லாம் பேசக் கூடாது செல்வி என்று சொல்ல வந்தேன். வித்யா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஃபோனை வாங்கினார். செத்துப்போகணும்னு தோணுதா, ஏதாவது செய்துக்கணும்னு நினைச்சியா, இப்ப வீட்டில் உன்னோடு யார் இருக்காங்க என்று நேராகக் கேட்டார். எஸ்தர் அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் செல்வி பேச ஆரம்பித்தாள். வித்யா "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே, முருகனைக் கூப்பிடச் சொல்லி எனக்குச் சைகை காட்டினார். நான் எஸ்தர் அக்காவின் ஃபோனிலிருந்து கூப்பிட்டேன். அவர் ஷிஃப்டைப் பாதியில் விட்டு வீட்டுக்குக் கிளம்பினார். அவர் வீடு போய்ச் சேரும்வரை வித்யா ஃபோனை வைக்கவில்லை. இடையில் செல்வி என்ன கேட்டாளோ, வித்யா எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்ன பதில் இது.

"நானும் மாத்திரை சாப்பிடறேன் செல்வி. ரெண்டு வருஷமாச்சு. பைத்தியம் இல்ல, அசந்துபோயிட்டோம், அவ்ளோதான். நாளைக்கு வா, நான் கூட வர்றேன்."

டாக்டர் கேட்டது

மறுநாள் முருகன் லீவு போட்டு செல்வியைக் கூட்டிவந்தார். வித்யாவும் சேர்ந்து மூவரும் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போனார்கள். கவின் எங்கள் பொறுப்பு. மாடியில் அவன் பயிற்சி முடிந்ததும் கீழே கூட்டிவந்தோம். அம்மாவைத் தேடிக் கடையை இரண்டு சுற்று சுற்றினான். அழுதால் என்ன செய்வது என்று எனக்கும் தெரியாது, எஸ்தர் அக்காவுக்கும் தெரியாது. அவன் வந்து என் மிஷின் மேஜையில் உள்ளங்கையை வைத்தான். மிஷின் ஓடினால் பலகை அதிரும், அது அவனுக்குப் பிடித்துவிட்டது. நிறுத்தினால் என் கையைப் பிடித்துத் துணிமேல் வைத்தான். அவர்கள் வரும்வரை வெட்டுத் துணியில் சும்மா நேராகத் தைத்துக்கொண்டே இருந்தேன்.

செல்வி வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். டாக்டரம்மா ரொம்ப நேரம் பேசினாராம். மாத்திரை எழுதியிருக்கிறார், மறுபடி வரச் சொல்லியிருக்கிறார், ராத்திரி கவினைப் பார்த்துக்கொள்ள முறை வைத்து மாறி மாறித் தூங்கச் சொல்லி முருகனையும் உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். என்ன கேட்டார் என்றேன். செல்வி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"கவினைப் பத்தி ஒண்ணுமே கேக்கலக்கா. எனுக்கு இன்னா புடிக்கும், எப்ப சாப்டேன், எப்ப தூங்குனேன்னு என்னைப் பத்தியே கேட்டாங்க. எனுக்கு பதிலே தெர்ல."

தம்பி

முருகன் மூலமாக விஷயம் தினேஷுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை பத்திரிகை வைக்கிற சாக்கில் நேராக என் கடைக்கே வந்தான். எஸ்தர் அக்கா அவனைப் பார்த்த பார்வையில் நான் என்றால் அப்படியே திரும்பிப் போயிருப்பேன். "இன்னா நைனா, ஒரே அக்காவ வூட்ல வுட்டுட்டு நீ மட்டும் மாலை போட்டுக்கப் போறியாமே" என்று ஆரம்பித்தார். தனக்குச் சொல்லாமலே பெரியவர்கள் பேசிவிட்டார்கள் என்றான். அவன் சத்தியம் செய்யாத குறை. அக்காவின் ஜாக்கெட் தயாரா என்று கேட்டான். தயார் என்றேன். கெட்டிமேளத்துக்கு என்ன செய்யப் போகிறாய் என்றேன். கையிலிருந்த பத்திரிகையை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னான்.

"மேளம் இல்லாத கல்யாணம் எத்தினியோ நடந்துகினு கீது. எங்கக்கா முடிச்சு போடலன்னா அது எனுக்குக் கல்யாணமே இல்ல."

மாமல்லபுரத்தில்

விடிந்ததும் விடியாததுமாக நானும் எஸ்தர் அக்காவும் பஸ் பிடித்துப் போனோம். மண்டபத்துக்குள் உப்புக்காற்றும் சாம்பிராணியும் கலந்து வந்தன. முன்வரிசையில் முருகன், மடியில் சாய்ந்து கவின், தையல் வெளியே தெரியும் புதுச் சட்டையில். செல்வி மேடையில் கல்யாணப் பெண்ணுக்குப் பின்னால் நின்றாள். அவள் கண்ணில் படுகிற இடத்தில் கவின் இருக்க வேண்டும், அவன் கண்ணில் அவள் பட வேண்டும், அதுதான் ஏற்பாடு. பெண் வீட்டார் சிலர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தத்தில் காதில் கெட்டது எதுவும் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம், அதையே நிறுத்தினால் எப்படி என்று ஒரு பெரியவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். தினேஷ் முன்பே பேசி வைத்திருந்தபடி தவில்காரர் குச்சியை மடியில் வைத்துக்கொண்டார்.

தினேஷ் தாலியை எடுத்தான். பழக்கத்தில் யாரோ "கெட்டிமேளம்" என்று கத்த, யாரும் வாசிக்கவில்லை. அத்தனை ஜனம் இருந்தும் அப்படி ஒரு அமைதியை நான் எந்தக் கல்யாணத்திலும் கேட்டதில்லை. அந்த அமைதியில் கவின் ஆரம்பித்தான், "ம்ம்ம்" என்று நீளமாக. பக்கத்தில் ஒருவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. முதல் முடிச்சு விழுந்த மஞ்சள் கயிற்றைப் பிடித்திருந்த அவள் விரல் அப்படியே நின்றது. தலை குனிந்திருந்த கல்யாணப் பெண் நிமிர்ந்து, ராகம் வந்த திசையைப் பார்த்து, "அவன் சந்தோஷமா கீறானா அண்ணி?" என்று மெதுவாகக் கேட்டாள். மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபத்துக்கே கேட்டது. செல்வி தலையை ஆட்டினாள். பிறகு இரண்டாவது முடிச்சைப் போட்டாள். மூன்றாவதையும் போட்டாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். கவின் சாப்பாட்டு நேரத்தில் இலையில் உட்காரவே இல்லை, கை கழுவும் இடத்தில் ஒவ்வொரு குழாயாகத் திறந்துகொண்டிருந்தான். முருகன் பின்னாலேயே மூடிக்கொண்டு போனார். செல்வி இன்னும் மாத்திரை சாப்பிடுகிறாள். சில வாரம் பேசுகிறாள், சில வாரம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறாள், அப்போது வித்யா பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். அன்று பந்தியில் என் எதிரே அந்தத் தவில்காரர் உட்கார்ந்திருந்தார். வாசிக்க விடவில்லையே என்று வருத்தமா என்று கேட்டேன். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்.

"வருத்தம் இன்னாம்மா? இத்தினி வருஷமா எல்லாக் கல்யாணத்துலயும் நான்தான் அந்த நேரத்துல சத்தம் போட்டுகினு இருந்தேன். மேடையில இன்னா நடக்குதுன்னு இன்னிக்குத்தான் பார்த்தேன்."

அந்தப் பட்டு ஜாக்கெட்டை அவ்வளவு பார்த்துப் பார்த்துத் தைத்தும், அன்றைக்கு மண்டபத்தில் ஒருத்தர்கூட அதைக் கவனிக்கவில்லை. எல்லோரும் செல்வியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், தைத்தவள் உட்பட.